தட்டில் எழுதிய பெயர்

பினாங்கு லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் ஒரு கிராமபோன் தட்டை 30 வெள்ளி கொடுத்து வாங்கினேன். எங்கள் வீட்டில் கிராமபோன் கிடையாது. பி. ராம்லி தட்டுகளும் பழைய எம்.ஜி.ஆர் தட்டுகளும் கிடந்த கூடையில் அது மட்டும் தனியாகத் தெரிந்தது. சிவப்பு லேபிள், குழாய்க்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் நாய், பொன்னெழுத்தில் எம்மி டெஸ்டின் என்று ஒரு பெயர். திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் கோடே இல்லாமல் வழவழவென்று இருந்தது.

"அண்ணே, இந்தப் பக்கம் பாட்டே இல்லையே?"

"அந்தக் காலத்துல ஒரு பக்கம்தான் தங்கச்சி. பாதிப் பிளேட்டுக்கு முழு விலை. உங்களுக்கு வேணும்னா பாதி விலை போட்டுத் தரேன்."

பாதி விலைதான் அந்த 30 வெள்ளி.

வீட்டுக்கு வந்து மகளிடம் காட்டினேன். அவள் அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. காலை நாற்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு கைப்பேசியில் தேடினாள். அதே பெண் பாடிய தட்டுகள் கணினி வடிவில் நிறையக் கிடைத்தன. ஒன்றை ஓட விட்டாள். எண்ணெய்ச் சட்டியில் கடுகு பொரிவது போல ஒரு சத்தம். அதற்கு அந்தப் பக்கம், எங்கோ கிணற்றடியில் நின்று பாடுவது போல ஒரு பெண் குரல்.

"ஏம்மா இதுக்குப் போயா 30 வெள்ளி? தண்ணிக்குள்ள இருந்து பாடற மாதிரி இருக்கு."

எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. ஆனாலும் விட மனம் வரவில்லை. அடுத்த நான்கு மாதமும் இரவில் தூக்கம் வராதபோதெல்லாம் கேட்டேன். டெஸ்டினில் தொடங்கி, அவர் காலத்துச் செக் பாடகர்கள் ஒவ்வொருவராக.

அந்தக் காலப் பதிவு எப்படி நடந்தது என்று தெரிந்துகொண்டால் அந்தக் கடுகுச் சத்தத்தை மன்னிக்கத் தோன்றும். 1925 வரை ஒலிவாங்கி மூலம் தட்டுப் பதியும் வழக்கம் இல்லை. சுவரில் பெரிய தகரக் குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். பாடகர் அதற்குள் முகத்தை நீட்டிப் பாட வேண்டும். குரலின் அழுத்தம் குழாயின் மறுமுனையில் இருக்கும் மெல்லிய தகட்டை அசைக்கும். தகடு ஊசியை அசைக்கும். ஊசி மெழுகில் கோடு கீறும். மின்சாரத்துக்கு அதில் வேலையே இல்லை. குரலே தன் சொந்த பலத்தில் மெழுகைக் கீறிய காலம் அது. உச்ச ஸ்தாயி வரும்போது பாடகர் பின்னால் நகர்ந்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் ஊசி துள்ளிவிடும். மெல்லிய இடம் வந்தால் மறுபடி குழாய்க்குள் தலையை விட வேண்டும். வயலின் சத்தம் போதாது என்று அதற்கும் தகரக் குழாய் பொருத்தினார்கள். பெரிய தட்டில்கூட நான்கு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலேதான் இடம். பாட்டு நீளமாக இருந்தால் வெட்டினார்கள், அல்லது ஓட்டமாகப் பாடினார்கள். நடுவில் பிசகினால் மெழுகைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அந்தக் குழாய் எல்லாக் குரலையும் ஒரே மாதிரி நடத்தவில்லை. நடுத்தர ஒலிகளைப் பிடித்தது. அடிநாதத்தையும் மேலே மினுங்கும் நுண்ணொலிகளையும் விட்டுவிட்டது. அதனால் ஆண்களின் டெனர் குரல் ஓரளவு முழுசாக விழுந்தது. பெண்களின் சொப்ரானோ குரல் மெலிந்துபோனது. ஸ, ஷ போன்ற உரசொலிகள் பெரும்பாலும் மெழுகுக்கு வந்து சேரவே இல்லை. இந்தக் கடைசி விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வருகிறேன்.

இதே கருவிதான் நம் பக்கமும் வந்தது. 1902 ஏப்ரலில் மிலானில் கரூசோவைப் பதிவு செய்த பிரெட் கைஸ்பர்க், அதே ஆண்டு நவம்பரில் கல்கத்தாவில் கௌஹர் ஜானைப் பதிவு செய்தார். 1903இல் சிங்கப்பூருக்கும் வந்து போனார். கௌஹர் ஜான் தன் தட்டுகளில் பாட்டு முடிந்ததும் தன் பெயரைத் தானே சொல்வார். தட்டு அச்சாவது ஜெர்மனியில் ஹனோவரில். அங்கிருப்பவர்களுக்கு இது யார் பாட்டு என்று தெரிய வேண்டுமே, அதற்காக. காரணம் வியாபாரம்தான். ஆனாலும் நூறு ஆண்டுக்குப் பிறகும் தன் பெயரைத் தன் வாயாலேயே சொல்லும் பாக்கியம் எத்தனை பேருக்கு உண்டு?

டெஸ்டினுக்கு அது வாய்க்கவில்லை. லேபிள்தான் அவருக்காகப் பேசியது.

1878இல் பிராகாவில் பிறந்தபோது அவர் பெயர் எமிலி கிட்லோவா. டெஸ்டின் என்பது அவருக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த மரீ லோவே டெஸ்டின் என்ற ஆசிரியையின் பெயர். குருவின் பெயரை மேடைப் பெயராக எடுத்துக்கொண்டார். 1898இல் பெர்லின் அரசவை ஓபராவில் அரங்கேறினார். எம்மி என்பது ஜெர்மானியர் வாய்க்கு வசதியான வடிவம். 1910 டிசம்பர் 10 அன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அரங்கில் புச்சீனியின் புதிய ஓபரா முதன்முதலாக மேடையேறியபோது, கரூசோவுக்கு எதிரே கதாநாயகியாக நின்றவர் அவர்தான். டோஸ்கனினி நடத்திய நிகழ்ச்சி அது.

அவர் மட்டுமல்ல. பிராகாவில் விலேம் ஹெஷ் என்று இருந்தவர் வியன்னாவில் வில்ஹெல்ம் ஹெஷ் ஆனார். கரெல் புரியான் ஜெர்மனியில் கார்ல் புர்ரியான். 1905இல் டிரெஸ்டனில் ஸ்ட்ராவுஸின் சலோமே அரங்கேறியபோது ஏரோது மன்னனாகப் பாடியவர் அவர். ஒட்டகார் மர்ஷாக் என்றொரு டெனர். அவர் பெயரின் நடுவில் செக் மொழிக்கே உரிய ஓர் எழுத்து இருக்கிறது. நாக்கை ரகரத்துக்கு அதிரவிட்டபடியே ஷகரத்தின் உரசலையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நான் எழுதியிருக்கும் 'ர்ஷ்' வெறும் சமாளிப்பு. செக் குழந்தைகளுக்குக் கடைசியாகத்தான் அந்த ஒலி வாயில் வருமாம். சிலருக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்க வேண்டியிருக்குமாம். அந்த எழுத்தின் தலையில் ஒரு சின்னக் கொக்கி உண்டு. வெளிநாட்டு அச்சுக்கூடத்தில் அந்தக் கொக்கியைக் கழற்றிவிட்டால் மர்ஷாக் மராக் ஆகிவிடுவார்.

இதைப் படித்தபோது எழுந்து உட்கார்ந்துவிட்டேன். என் பெயர் கயல்விழி. ஐசியில் கயல்விலி. பொறப்பு சூரா எழுதிய குமாஸ்தாவுக்கு அந்த ஒலி தெரியாது. அப்பாவுக்கு ரோமன் எழுத்து தெரியாது. பள்ளியில், வங்கியில், கிளினிக்கில் எல்லாம் விலி, வில்லி, ஒருமுறை வெறும் காயல். விலியாகவே 56 வயதாகிவிட்டது. 'ழ' என்று சொல்லிக்கொடுக்கப் போனால் எதிரில் இருப்பவர் சிரிப்பார். நானும் சேர்ந்து சிரிப்பேன். அதுதான் வழக்கம்.

அந்த மாதம் வீட்டில் பெயர்ப் பேச்சுதான். நான் ஒரு பட்டியல் வைத்திருந்தேன். யாழினி, பொழிலி, எழில். மகள் ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

"மா, 'ழ' வேணாம். நீங்க பட்டது போதாதா?"

"நான் என்னடி பட்டேன்?"

"பஸ் ஸ்டாண்ட்ல, ஆஸ்பத்திரில, எல்லா எடத்துலயும் உங்க பேர மூணு தடவ கூப்புடுவாங்க. நீங்க நாலாவது தடவதான் எந்திரிப்பீங்க. சின்ன வயசுல நான் பாத்துக்கிட்டேதான இருந்தேன். எம் பிள்ளைக்கு அது வேணாம்மா."

எனக்குப் பதில் வரவில்லை. நான் நாலாவது தடவைதான் எழுந்திருப்பேன் என்பது எனக்கே தெரியாது.

கோபத்தை அந்தத் தட்டுகளிடம் கொண்டுபோனேன். 1909 பிப்ரவரியில் ஸ்மெட்டனாவின் 'விற்கப்பட்ட மணப்பெண்' மெட்ரோபாலிட்டன் அரங்கில் முதன்முதலாக மேடையேறியது. எழுதியவர் செக் மொழியின் முதற்பெரும் இசையமைப்பாளர். நாயகி டெஸ்டின், பிராகாக்காரர். நடத்தியவர் குஸ்தாவ் மாலர், அவரும் போஹிமியாவில் பிறந்தவர்தான். நடனத்துக்குப் பிராகாவிலிருந்தே ஆட்களை வரவழைத்திருந்தார்கள். எல்லாம் சரி, பாடியது ஜெர்மனில். நாயகியின் பெயரிலும் அந்தக் கொக்கி எழுத்து உண்டு, மர்ஷென்கா. அன்றிரவு அவள் மரீ. ஒரு செக் பெண், செக் ஓபராவில், செக் கிராமத்துப் பெண்ணாக, தன் பெயரை மாற்றிச் சொல்லி நின்றாள். ஏன் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை? எனக்கு அப்படி எரிந்தது.

ஆனால் தோண்டத் தோண்ட என் கோபத்துக்குக் கீழே மண் சரிந்தது. ஸ்மெட்டனாவே ஜெர்மன் வழியில் படித்து வளர்ந்தவர். செக்கில் ஒழுங்காக எழுத அவர் பழகிக்கொண்டது வளர்ந்த பிறகுதான். நாட்டு விடுதலையின் சின்னமாகச் செக் மக்கள் கொண்டாடும் அவருடைய 'தாலிபோர்' ஓபரா, தேசிய அரங்குக்கு அடிக்கல் நாட்டிய அதே நாளில், 1868 மே 16 அன்று, முதலில் மேடையேறியது. அதன் பாடல்நூலை யோசெஃப் வென்சிக் எழுதியது ஜெர்மனில். பிறகு இன்னொருவர் செக்கில் மொழிபெயர்த்தார். அந்த அரங்கு 1881இல் திறந்த சில வாரங்களிலேயே தீப்பிடித்து எரிந்தது. மக்கள் காசு சேர்த்துத் திரும்பக் கட்டினார்கள். 1883இல் மறுபடி திறந்தது. மேடைக்கு மேலே 'நாடு தனக்குத்தானே' என்று பொருள்படும் வாசகம் பொறித்திருக்கிறது. திறப்பு நாளில் பாடிய 'லிபுஷே'யின் பாடல்நூலும் அதே வென்சிக் ஜெர்மனில் எழுதியதுதான்.

இன்னொன்றும் தெரிந்தது. பிராகா அரங்கில் அந்தக் காலத்தில் வெர்டியானாலும் பிஸேயானாலும் செக்கில்தான் பாடினார்கள். ஆகவே அங்கத்திய பாடகர்களின் பழைய தட்டுகளை எடுத்தால் இத்தாலியக் கோமாளி செக்கில் அழுகிறான், ஸ்பானியக் காளைச் சண்டைக்காரன் செக்கில் மார்தட்டுகிறான். மர்ஷாக்கின் தட்டுகளிலும் நான் ரசித்துக் கேட்டவை இப்படிச் செக்கில் பாடியவைதான். இத்தாலியில் வழுக்கிக்கொண்டு போகும் இடங்களில் செக் சொற்கள் அடுத்தடுத்த மெய்யெழுத்துகளோடு தட்டித் தட்டிப் போகின்றன. செக்கில் எப்போதும் முதல் அசையில்தான் அழுத்தம். ராகம் ஓரிடத்தில் அழுத்தினால் மொழி வேறிடத்தில் அழுத்துகிறது. இரண்டும் முட்டிக்கொள்ளும் இடத்தில் பாடகர் சின்னதாக ஒரு சமரசம் செய்துகொள்கிறார். அந்தச் சமரசத்தில் ஒரு மனிதர் தெரிகிறார். வெளியே போனவர்கள் தங்கள் பெயரைக் கொடுத்தார்கள் என்றால், உள்ளே இருந்தவர்கள் உலகத்தின் பாட்டையெல்லாம் தங்கள் வாய்க்குள் இழுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டும் ஒரே காலத்தில் நடந்திருக்கிறது. சில பேரிடம் இரண்டும் ஒரே தொண்டையில். 1908இல் பெர்லினில் 'கார்மென்', 'ஃபாஸ்ட்' இரண்டையும் முழுசாக ஜெர்மனில் பதிவு செய்தபோது நாயகி டெஸ்டின்தான். அதே டெஸ்டின் செக்கிலும் பதிவுகள் விட்டுப்போயிருக்கிறார்.

முதல் உலகப் போர் நடுவில், 1916இல், அவர் ஊர் திரும்பினார். செக் விடுதலை இயக்கத்தோடு தொடர்பு என்று ஆஸ்திரிய அரசு சந்தேகப்பட்டது. பாஸ்போர்ட்டைப் பறித்துக்கொண்டது. ஸ்ட்ராஷ் என்ற ஊரில் அவர் வாங்கி வைத்திருந்த மாளிகையிலேயே இருக்க வேண்டியதாயிற்று. அவரோடு வாழ்ந்த டின் கில்லி என்ற பாடகர் அல்ஜியர்ஸில் பிறந்த பிரெஞ்சுக் குடிமகன். எதிரி நாட்டுக்காரர் என்பதால் அவரும் அங்கேயே அடைபட்டார். நியூயார்க்கில் இருவரும் செக் நாட்டுப்பாடலைச் சேர்ந்து பதிவு செய்திருக்கிறார்கள். பிரெஞ்சுக்காரர் செக்கில் பாடுகிறார் என்று நினைத்தாலே எனக்குச் சிரிப்பும் வருகிறது, என்னவோ போலவும் இருக்கிறது.

நாடு விடுதலையான பிறகு அவர் எம்மியை விட்டுவிட்டு எமா டெஸ்டினோவா ஆனார். கவனியுங்கள், பிறந்த பெயருக்குப் போகவில்லை. கிட்லோவா திரும்பி வரவே இல்லை. குருவிடம் வாங்கிய அயல் பெயருக்கே தன் மொழியின் விகுதியைப் போட்டுக்கொண்டார். 1930இல் 51 வயதில் இறந்தார். இன்று செக் நாட்டின் 2000 கொருனா நோட்டில் அவர் முகம் இருக்கிறது.

ஓர் இரவு ஸ்மெட்டனாவின் 'முத்தம்' ஓபராவிலிருந்து அவர் பாடிய தாலாட்டைக் கேட்டேன். ஸ்மெட்டனா 1874இல் முழுச் செவிடாகிவிட்டார். இந்த ஓபராவை எழுதியது அதற்குப் பிறகு, 1876இல் மேடையேறியது. தான் எழுதிய தாலாட்டை அவர் காதால் கேட்டதே இல்லை. கதையில் வெண்டுல்கா, மனைவியை இழந்தவனைக் கட்டிக்கொள்ள இருக்கிறாள். அவனோடு சண்டை. அவன் கோபித்துக்கொண்டு போய்விடுகிறான். அவள் இறந்துபோனவளின் குழந்தையைத் தொட்டிலில் ஆட்டிப் பாடுகிறாள். டெஸ்டினின் குரல் அதில் பெரிதாக எதுவும் செய்யவில்லை. பெரிய அரங்கின் கடைசி வரிசை வரை எட்டும் குரல், தகரக் குழாய்க்குள் தலையைக் குனிந்து ஒரு குழந்தைக்கு மட்டும் கேட்கும்படி பாடுகிறது. உரசொலிகள் எல்லாம் தேய்ந்துவிட்டன. சொற்களின் ஓரம் மழுங்கியிருக்கிறது. குமாஸ்தா என் பெயரிலிருந்து எதை எடுத்தாரோ அதையே அந்தக் குழாயும் அவரிடமிருந்து எடுத்திருக்கிறது. ஆனால் செக் தெரிந்தவர் கேட்டால் விடுபட்டது தானாகவே காதில் வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று நினைக்கிறேன். அப்பா என்னைக் கூப்பிடும்போது ஐசியில் என்ன இருக்கிறது என்று நான் யோசித்ததில்லையே.

பேத்தி பிறந்தாள். மீரா என்று பெயர் வைத்தார்கள். யாரும் எப்படியும் சொல்லிவிடலாம். நான் ஒன்றும் சொல்லவில்லை. பட்டியலைக் கிழித்துப் போட்டேன் என்று பெருமை பேச மாட்டேன், அது இன்னும் என் பையில்தான் இருக்கிறது. ஆனால் தொட்டில் பக்கம் என் கை. எங்கள் எஸ்டேட்டில் ஆத்தா பாடிய தாலாட்டு, மழை பெய்வதும் வாழை குலை தள்ளுவதும் வரும் தாலாட்டு, அதைத்தான் தினமும் பாடினேன். பெயரில் இல்லாவிட்டால் என்ன, 'ழ' பாட்டில் போய்ச் சேரட்டும் என்று உள்ளுக்குள் ஒரு வைராக்கியம்.

ஒருநாள் மகள் எனக்குத் தெரியாமல் அதைக் கைப்பேசியில் பதிவு செய்துவிட்டாள். மருமகனுக்கு அனுப்பியிருக்கிறாள். அவர் வேலை சிங்கப்பூரில்.

"மா, கேளுங்க. நல்லாத்தான் பாடுறீங்க."

கேட்டேன். இந்தக் கருவி எதையும் விடுவதில்லை. மின்விசிறிச் சத்தம், தொட்டில் ஸ்பிரிங் சத்தம், என் மூச்சு வாங்குவது எல்லாம் இருந்தது. நடுவில் என் குரல், தெள்ளத் தெளிவாக, மளை என்றது. வாளை என்றது. ஒருமுறைகூட 'ழ' இல்லை. மறுபடி போடச் சொன்னேன். மறுபடியும் மளைதான். ஆத்தா அப்படித்தான் பாடினாள். நான் மட்டும் வேறெப்படிப் பாடுவேன்? மேடையில் பேசும்போதும் எழுதும்போதும் இருக்கும் 'ழ' தொட்டில் பக்கம் வந்ததும் எங்கே போனது என்று எனக்குத் தெரியவில்லை.

அவர் பாடியதைக் கருவி தொலைத்தது. நான் தொலைத்ததைக் கருவி பிடித்துக்கொண்டது.

மகளிடம் சொன்னேன். அவள் கவனிக்கவே இல்லையாம்.

"எனக்கு மழைன்னுதான்மா கேட்டுச்சு" என்றாள். அவளும் மளை என்றுதான் சொன்னாள்.

மீராவுக்கு இப்போது இரண்டு வயதாகிறது. சன்னல் பக்கம் ஓடிப் போய் "பாட்டி, மயை, மயை" என்கிறாள். லோரோங் கூலிட் தட்டு அலமாரியில் நிற்கிறது. அதை எடுத்து, கோடு இல்லாத பின்பக்கத்தில் விரலை வைத்து வழுக்கி விளையாடுவது அவளுக்குப் பிடிக்கும். உடைத்துவிடுவாள் என்று மகள் கத்துகிறாள். நான் விட்டுவிடுகிறேன்.